காயத்தின் பிரதிகள்: சோம்நாத் ஹோரின் அச்சுகள்

அச்சோவியத்தில் நாம் பார்ப்பது எதையும் கலைஞர் அந்தத் தாளில் வரைந்ததில்லை. மரத்திலோ செப்புத் தகட்டிலோ வெட்டினார், கீறினார், அமிலத்தில் அரித்தார். தாள் அதன்மீது அழுந்தி எழுந்தது, அவ்வளவுதான். தொட்ட பொருள் போய்விட்டது, தடம் கிடக்கிறது. பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர் செத்துப்போன பிறகும் ரேகை கிடக்கிறதே, அந்த மாதிரி. இழப்பையும் சாவையும் பேச வந்த கலைஞர்கள் பலர் இந்த ஊடகத்தைத் தேடிப்போனதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

சோம்நாத் ஹோர் (1921–2006) சிட்டகாங்கில் பிறந்தவர். 1943 வங்கப் பஞ்சத்தின்போது கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காகப் பட்டினியில் கிடந்தவர்களை வரைந்தார். 1946இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்த தெபாகா விவசாயிகள் போராட்டத்துக்குள் போய்க் குறிப்பெழுதினார், வரைந்தார். இந்தக் கட்டத்துப் படங்களில் முகம் உண்டு, விலா எலும்பு உண்டு. அவருடைய தோழர் சித்தப்பிரசாதின் ‘பசித்த வங்காளம்’ நூலைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது என்றால், படத்துக்கு அன்றைக்கு இருந்த வேலை என்னவென்று புரியும்.

1971ஐ ஒட்டி ‘காயங்கள்’ வரிசை தொடங்குகிறது. மனிதன் இல்லை, மையும் அநேகமாக இல்லை. களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கிழித்து, குத்தி, சுட்டு, அதைச் சிமெண்டில் வார்ப்பெடுத்து, அந்த அச்சின்மேல் காகிதக் கூழைப் போட்டு அழுத்துவார். காய்ந்தபின் உரித்தால் வெள்ளைமேல் வெள்ளை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கிழிசலும் குழியும் தெரியும். காகிதமே தோலாகிவிடுகிறது.

இயக்கத் தோழர்கள் இங்கே கேட்கலாம்: கத்தியைப் பிடித்தவன் எங்கே? முகமற்ற காயம் எல்லோருடையதும் ஆகி யாருடையதும் இல்லாமல் போகாதா? நியாயமான கேள்வி. வெள்ளைத் தாளை வாங்கி மாட்டுகிறவனுக்கு அது தொந்தரவு தராது என்பதும் நிஜம். ஆனால் 1971 வேறு காலம். வியட்நாமும் கிழக்கு வங்கமும் தினசரிப் பிணங்களாகப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. முகத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைப் புரட்டக் கண் பழகிவிட்டது. ஹோர் முகத்தை எடுத்துவிடுகிறார். பரிதாபப்பட ஆள் இல்லாதபோது மிஞ்சுவது செய்கை ஒன்றுதான்: எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு ஆழம், எவ்வளவு விசை. காயம் தானாக வருவதில்லை, செய்யப்படுகிறது என்பதைத் தாள் சொல்கிறது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளிலிருந்து யோசித்தால் இது தூரத்துச் சங்கதி இல்லை. வாகனத் தகட்டை வளைக்கும் பவர் பிரஸ்ஸும் அச்சும் அழுத்தமும்தான். இந்தியா முழுக்க அந்த மிஷின்களில் விரல் போகிறது. ஏட்டில் ‘விபத்து’ என்று பதிவாகிறது. 2010இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் கைபேசி ஆலை ஒன்றில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார். கொஞ்ச நாள் செய்தி, படம், அனுதாபம், அப்புறம் ஒன்றுமில்லை. 1991இல் கொல்லப்பட்ட தலைவருக்குப் பெரிய நினைவிடம் இருக்கிற ஊர் அது.

‘விபத்து’ என்ற சொல் ஆளைக் காட்டிச் செய்கையை மறைக்கிறது. ஹோரின் அச்சு ஆளை மறைத்துச் செய்கையைக் காட்டுகிறது. நம் கதைகளும் துண்டறிக்கைகளும் இதுவரை முதல் வழியிலேயே அதிகம் போயிருக்கின்றன. விரல் போனவனின் கண்ணீரை எழுதினோம். மிஷினின் காப்புத் தடுப்பு ஏன் கழற்றப்பட்டது, ஷிப்டுக்கு எத்தனை பீஸ் கேட்டார்கள் என்பதையும் அதே கையால் எழுதியாக வேண்டும்.