தோண்டிய குழியும் எழுதாத அறிக்கையும்

தமிழ்நாட்டில் இக்காலத்தில் புதைபொருள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசாதார் இல்லை. கீழடி என்னும் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். வைகைக் கரையில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட செங்கற் சுவரையும் உறைகிணற்றையும் காண, ஜனங்கள் யாத்திரை போவதுபோலப் போய் வருகிறார்கள். தம் முன்னோர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்று அறியும் தாகம் ஒரு சமூகத்தாருக்கு உண்டாவது நல்ல அறிகுறியே. ஆயினும் இவ்வளவு உற்சாகத்தினிடையே முக்கியமான விஷயம் ஒன்று மறக்கப்பட்டு வருகிறதோ என்று நாம் அஞ்சுகிறோம். குழி வெட்டுவது ஆராய்ச்சியின் முதற்படி மாத்திரமே. கண்டதை முறைப்படி எழுதி, அச்சிட்டு, உலகத்தார் பரிசோதனைக்கு வைக்கும்போதுதான் ஆராய்ச்சி பூர்த்தியாகிறது.

இதன் காரணத்தை நேயர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். மண் அடுக்கடுக்காகப் படிந்தது. மேலடுக்கு பிற்காலத்தது, கீழடுக்கு முற்காலத்தது. பானையோடு ஒன்று கையில் கிடைத்தால் அது தானாக எதுவும் சொல்லாது. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருளுக்கு அருகில் அது கிடந்தது என்ற குறிப்பே அதற்கு வாயும் நாவும் ஆகும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியை ரஸாயன சோதனைக்கு அனுப்பி, அதன் காலம் கி.மு. 580 எனக் கண்டார்கள். அந்த ஆழத்தைக் குறித்து வைத்திராவிட்டால் அந்த எண்ணினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

நம் தமிழ் நூல்கள் பிழைத்த வரலாற்றோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1892-ல் சிலப்பதிகாரத்தையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றிய மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்கள், ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தார்கள். ஒரு பிரதியில் செல்லரித்த இடத்துக்கு மற்றொரு பிரதி உதவியது. மண்ணாகிய ஏட்டுக்கோ ஒரே பிரதிதான் உண்டு. அதுவும் படிக்கும்போதே கிழிந்து போகும் ஏடு. ஒருமுறை வெட்டிய அடுக்கை மறுமுறை வெட்டிப் பார்க்க பிரம்மதேவனாலும் இயலாது. நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு மரண வாக்குமூலம் இன்னதென்று தெரியும். வெட்டப்படும் மண் அத்தகைய வாக்குமூலத்தையே தருகிறது. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட அதிகாரி, காகிதத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போவாரானால், சாட்சியும் போயிற்று, சாட்சியமும் போயிற்று.

முறைப்படி பிரசுரம் செய்வதால் விளையும் நன்மைக்கு அரிக்கமேடே தக்க உதாரணம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அவ்விடத்தை, அப்போது இந்தியப் புதைபொருள் இலாகாவின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் 1945-ல் அகழ்ந்தார். மறு வருஷமே, 1946-ல், படங்களோடும் அளவுகளோடும் அவருடைய விரிவான அறிக்கை இலாகாவின் சஞ்சிகையில் வெளிவந்துவிட்டது. இத்தாலியிலிருந்து வந்த மெருகிட்ட சிவப்பு மட்பாண்டங்களைக் கொண்டு அவர் அவ்வூரின் காலத்தை நிர்ணயித்தார். தென்னாட்டுப் பழம்பொருள்களுக்குக் காலங் காண அது ஓர் ஊன்றுகோலாயிற்று. பிரெஞ்சு அறிஞர் கஸால் 1947-ல் தொடங்கி அங்கே அகழ்ந்து, 1949-லேயே தம் நூலை வெளியிட்டார்.

வீலர் சொன்ன யாவும் சரியாயிருந்தனவா? இல்லை. விமலா பெக்ளி என்ற அறிஞர் வீலரின் அறிக்கையை வரிவரியாக ஆராய்ந்து, 1989 முதல் 1992 வரை அவ்விடத்தில் மீண்டும் அகழ்ந்து, ரோமரின் வாணிபம் வருவதற்கு முன்னரே அரிக்கமேட்டில் மக்கள் குடியிருந்தனர் என்றும், வீலர் எண்ணியதற்குப் பின்னரும் அவ்வூர் நெடுங்காலம் நிலைத்திருந்தது என்றும் காட்டினார். அன்னியர் வந்து உண்டாக்கிய பண்டகசாலை என்ற எண்ணம் மாறி, நம்மவர் ஊருக்கு அன்னியர் வாணிபத்துக்கு வந்தனர் என்ற உண்மை புலப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. வீலரைத் திருத்துவதற்கு வேண்டிய ஆதாரத்தை வீலரே அச்சிட்டு வைத்திருந்தார். அவர் தம் குறிப்புகளை அலமாரியில் வைத்திருந்தால் அவருடைய பிழையும் அசையாமல் நின்றிருக்கும்.

இனித் தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரைப் பார்ப்போம். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் அங்கே தோண்டி, மட்பாண்டங்களையும் இரும்புக் கருவிகளையும் எலும்புகளையும் தம் தேசத்துக்குக் கொண்டு போனார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ என்ற அதிகாரி பல ஆண்டுகள் அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் இரும்பு ஆயுதங்களையும் கண்டெடுத்தார். அவற்றின் ஜாபிதா 1915-ல் அச்சாயிற்று. அயல்நாட்டுக்குப் போன பொருள்களை நினைத்து நாம் வருந்துவது நியாயமே. ஆனால் சுதந்திர பாரதத்தில் நடந்ததென்ன? 2004, 2005 வருஷங்களில் மத்திய சர்க்காரின் புதைபொருள் இலாகாவினர் அங்கே அகழ்ந்து 150-க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டார்கள். பத்தாண்டு கழிந்தும் அறிக்கை வெளிவரவில்லை. விஷயம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குச் சென்றது. அதன் பிறகே, 2019-ல், மாதிரிகள் இரண்டின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்ற செய்தி கோர்ட்டின் வழியாக வெளிப்பட்டது. முன்னோர் காலத்தை அறிய மக்கள் வழக்காட வேண்டியிருந்தது என்றால், அது எவருக்கும் கௌரவம் தருவதன்று.

கீழடியின் கதையோ இன்னும் சிக்கலானது. மத்திய இலாகாவின் சார்பில் முதலிரண்டு பருவங்கள், 2014 முதல் 2016 வரை, அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் அகழ்வு நடந்தது. 2018-ல் அங்கே தான் நடத்திய அகழ்வைப் பற்றித் தமிழ்நாட்டுச் சர்க்காரின் இலாகா 2019-லேயே நூல் வெளியிட்டது. 2023-ல் காட்சிசாலையும் திறந்தது. மத்திய இலாகாவின் அகழ்வைப் பற்றி 982 பக்கங்கள் கொண்ட அறிக்கையை அமர்நாத் 2023 ஜனவரியில் சமர்ப்பித்தார். 2025 மே மாதத்தில், வல்லுநர் கருத்தைக் காட்டித் திருத்தங்கள் செய்யுமாறு அவ்வறிக்கை அவரிடமே திருப்பியனுப்பப்பட்டது. தம் முடிவுகள் அடுக்குகளையும் விஞ்ஞான சோதனைகளையும் ஆதாரமாகக் கொண்டவை என்று அவர் பதிலளித்தார். முதற் குழி வெட்டிப் பத்தாண்டாகியும் அன்று அவ்வறிக்கை அச்சேறியிருக்கவில்லை.

இலாகாவின் பக்கத்தையும் நாம் நியாயமாகக் கூற வேண்டும். ஓர் அறிக்கையை வல்லுநர் பார்வையிடுவது தவறன்று; அவசியமுமாகும். பல்லாயிரம் ஓடுகளைத் தரம் பிரித்துச் சித்திரம் வரைவது சிறு காரியமும் அன்று. எலும்புகளையும் விதைகளையும் வெவ்வேறு சாஸ்திரிகள் ஆராய வேண்டும். இடையிலே அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் வேலை நின்றுபோகிறது. இவை யாவும் மெய்யே. ஆயினும் கருத்து வேற்றுமையைத் தீர்க்கும் இடம் எது? காரியாலயத்தின் தபால் கட்டா, கற்றோர் சபையா? ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி மற்ற நீதிபதிகளோடு மாறுபட்டால், அவர் தம் தீர்ப்பைத் தனியே எழுதுகிறார். இரண்டும் ஒன்றாகவே பிரசுரமாகின்றன. அதுபோல அகழ்ந்தவரின் அறிக்கையை அவர் எழுதியபடியே அச்சிட்டு, வல்லுநரின் ஆட்சேபணைகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உண்மை பலமுள்ளதாயின் ஆட்சேபணையைத் தாங்கும். பலமற்றதாயின் வீழட்டும்.

இந்நியாயம் நமக்கு அனுகூலமான முடிவுகளுக்கும் பொருந்தும் என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு இலாகா, இரும்பின் தொன்மையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிவகளை முதலிய இடங்களின் மாதிரிகள் பல சோதனைச் சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் காலம் கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டை எட்டுவதாக அதில் கூறப்பட்டது. கேட்க மகிழ்ச்சியாயிருக்கிறது. ஆனால் மகிழ்ச்சி ஆதாரமாகாது. தன் கட்சிக்காரன் சொல்வதை முதலில் தானே குறுக்கு விசாரணை செய்து பார்க்காத வக்கீல் கோர்ட்டில் அவமானப்படுவான். அம்முடிவுகளை அன்னிய தேசத்து அறிஞரும் நம்மவரும் தாராளமாகச் சோதிக்கட்டும். அறிக்கை அச்சில் வந்திருப்பதனால்தான் அச்சோதனை சாத்தியமாகிறது. அதற்காக அவ்விலாகாவைப் பாராட்டுகிறோம். சோதனையில் நின்றது என்ற பெருமைக்குச் சமானமான பெருமை வேறில்லை. சோதனைக்கு அஞ்சுகிற பழம்பெருமை, வீட்டுக்குள் மாத்திரம் செல்லுபடியாகும் நாணயம் போன்றது.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, ஒவ்வோர் அகழ்வுக்கும் அறிக்கை வெளியிடுவதற்கென ஒரு கெடு வேண்டும்; கெடு தவறினால் காரணத்தைப் பகிரங்கமாகக் கூற வேண்டும். இரண்டாவது, அகழ்ந்த அதிகாரியை அறிக்கை முடியும் வரை அவ்வேலையிலேயே இருத்த வேண்டும். மூன்றாவது, குழி வெட்டப் பணம் ஒதுக்கும்போதே, சித்திரம், சோதனை, அச்சு ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். நான்காவது, அறிக்கை ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல், தெளிவான தமிழிலும் வர வேண்டும். எந்தக் குடியானவன் நிலத்தில் குழி வெட்டினார்களோ அவன் மகள் படித்துப் பார்த்து, "எங்கள் தோப்பில் கண்டது இது" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

சர்க்கார்களுக்குச் சொன்னது போதும். நமக்கும் ஒரு கடமை உண்டு. மந்திரிகள் குழிக்கருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது நாம் கைதட்டுகிறோம். மண்ணிலிருந்து ஒரு மணி கிடைத்தால் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போடுகிறோம். நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. சென்ற ஆண்டுக் குழியின் அறிக்கை எங்கே என்று கேட்பாரோ சிலரே. அக்கேள்வியை ஊர்தோறும் கேட்கத் தொடங்கினால் இலாகாக்கள் விழித்துக்கொள்ளும். நம் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்திருந்தார்கள். வெளிவந்த பிறகும் அவர்களைக் காரியாலய அலமாரிக்குள் காத்திருக்கச் செய்வது தகாது.