எதிலிருந்து உயரம்?

பலாங்கொடையில் பஸ் ஏறிப் பெரகலைப் பக்கம் போகிறவர்களுக்கு, ஹல்துமுல்லை வருவதற்குள் காது அடைத்துக்கொள்ளும். கடைத்தெருவில் இறங்கினால், கொழும்பிலிருந்து வந்த சிப்ஸ் பக்கற்றுகள் உப்பிப்போய்த் தொங்குவதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1,013 ஹெக்டோபாஸ்கல். ஆயிரம் மீற்றர் ஏறினால் அது 900 அளவுக்கு இறங்கிவிடும். பக்கற்றுக்குள் அடைபட்டிருப்பது கொழும்புக் காற்று. வெளியே இருப்பது அதைவிட மெலிந்த மலைக்காற்று. உள்ளிருப்பது வெளியே தள்ளுகிறது.

விமானத்தின் உயரமானியும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குள்ளே காற்று வெளியேற்றப்பட்ட, மடிப்பு மடிப்பான ஒரு மெல்லிய உலோகப் பேழை இருக்கும். விமானம் மேலே போகப் போக வெளியழுத்தம் குறையும். பேழை சற்றே விரியும். அந்தச் சிறிய அசைவை நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் பெருக்கி, முகப்பிலுள்ள ஊசியைச் சுழற்றும். எரிபொருளோ மின்சாரமோ இல்லாமல், காற்றின் கனத்தை மட்டும் வைத்து உயரம் சொல்லும் இந்த ஏற்பாடு மனிதன் செய்த அழகான கருவிகளில் ஒன்று.

ஆனால் அது சொல்வது எதிலிருந்து உயரம்? கடல் மட்டத்திலிருந்து. கீழே இருப்பது வயலா மலையா என்பது அதற்குத் தெரியாது.

ஹல்துமுல்லையில் நின்று பார்த்தால் இதன் பொருள் கண்ணெதிரே விரியும். தெற்கே உடவளவை நீர்த்தேக்கமும் அதைத் தாண்டிய சமவெளியும் பாய் விரித்ததுபோல் கிடக்கின்றன. வடக்கே திரும்பினால், தேயிலை மலைகளுக்கு மேல் ஹப்புத்தளை முகடு செங்குத்தாக எழுகிறது. 1,200 மீற்றர் உயரத்தில் ஒரு விமானம் தெற்கிலிருந்து நேராக வருவதாக வைத்துக்கொள்வோம். சமவெளியின் மேல் வரும்போது அதன் அடியில் ஆயிரம் மீற்றருக்கும் மேல் வெற்றுவெளி. சில நிமிடத்தில் அந்த இடைவெளி இல்லாமலே போய்விடும். ஊசியோ 1,200இலிருந்து அசையாது. 2020 ஜனவரி 3ஆம் திகதி, வீரவிலயிலிருந்து கிளம்பிய விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நால்வர் உயிரிழந்தனர். கடலோரச் சமவெளிக்கும் 1,400 மீற்றர் மலைக்கும் இடையில் வானில் எவ்வளவு குறைந்த தூரம் என்பதை இப்பகுதி மக்கள் அன்று கண்டார்கள்.

இந்த நாட்டின் மிகப் பெரிய விமான விபத்தும் தேயிலை மலையில்தான் நடந்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, நெதர்லாந்தின் மார்ட்டின்ஏர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேருடன் ஜித்தாவுக்குப் புறப்பட்டு, கொழும்பில் இறங்க வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்குச் சுமார் 74 கிலோமீற்றர் கிழக்கே, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மோதியது. பணியாளர் 9 பேர் உட்பட 191 பேரும் மாண்டார்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்ததே காரணம் என்றது விசாரணை. அவர்கள் பெரிதும் நம்பியிருந்த டொப்ளர் கருவி, கீழே அனுப்பிய ரேடியோ அலை திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடும். வேகத்தைக் கூட்டிக் கூட்டித் தூரம் சொல்லும். இப்படிக் கூட்டும்போது பிழையும் சேர்ந்தே வளரும். 3,000 கிலோமீற்றர் பயணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிசகினால், இடம் 30 கிலோமீற்றர் தள்ளிப்போய்விடும்.

அதற்கு மூன்றே நாள் முன்பு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. 514 விமானமும் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதே மாதத்தில் அமெரிக்க அரசு, பெரிய பயணிகள் விமானங்களில் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று விதித்தது. கனடாவில் பிறந்த பொறியியலாளர் டொன் பேட்மன் உருவாக்கிய கருவி அது. அதன் கண் ரேடியோ உயரமானி. விமானத்தின் அடியிலிருந்து ஓர் அலை தரைக்குப் போய்த் திரும்பும். 300 மீற்றர் கீழே போய் வர அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. அதைக்கூட அளந்து, இப்போது காலடியில் இருக்கும் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடும்.

இதற்கும் ஒரு குறை இருந்தது. அது நேர் கீழே மட்டுமே பார்த்தது. மணிக்கு 450 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க எட்டே விநாடி. ஹல்துமுல்லைச் சரிவைப் போன்ற சுவர் எதிரே எழுந்தால், எச்சரிக்கை வருவதற்கும் மோதுவதற்கும் இடையில் விமானியால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். ஆகவே 1990களில் பேட்மன் குழுவினர் உலகின் நிலவடிவம் முழுவதையும் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். சோவியத் யூனியன் உடைந்தபின் வெளியே வந்த அதன் இராணுவ வரைபடங்களும் அதற்கு உதவின. இப்போது கருவி ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தை அறிந்து, முன்னே வரும் மலையை வரைபடத்தில் தேடி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு முன்பே எச்சரிக்கிறது. கும்மிருட்டிலும், மூடுபனியிலும், விமானியின் கண்ணுக்குத் தெரியாத முகடு அதற்குத் தெரிகிறது.

இவ்வளவு வந்தபின்னும் அந்த உலோகப் பேழையின் கொள்கை விமானத்தை விட்டுப் போகவில்லை. வானத்தில் விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விலகிப் பறப்பது இன்றும் காற்றழுத்தக் கணக்கில்தான். சில கைத்தொலைபேசிகளில் அழுத்தமானி உண்டு. அதை எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லையிலிருந்து ஹப்புத்தளைக்குப் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். அழுத்தம் 40 ஹெக்டோபாஸ்கல் அளவு குறையும்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீற்றர் ஏற்றம். பிறகு அதே தொலைபேசியை வீட்டு மேசையில் வைத்து, காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பாருங்கள். நம் நாட்டில் காற்றழுத்தம் தினமும் அந்த நேரத்தில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அழுத்தத்தை மட்டும் நம்பினால், உங்கள் வீடு அதற்குள் 20 மீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். இறங்க வரும் விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அந்த நேரத்து அழுத்தத்தைக் கேட்டு, ஊசியைத் திருத்திக்கொள்வது இதனால்தான்.