திரை ரசனை – 9: அரைமணி நேர மால்குடி

சென்ற வாரம் ‘மிஸ் மாலினி’யைப் பற்றி எழுதியபோது, ஆர்.கே. நாராயண் அவர்களின் கதைகளுக்கு எந்தத் திரை பொருத்தமானது என்ற கேள்வியைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். விடை காண விரும்புவோர் 1965-ல் வெளிவந்த ‘கைடு’ படத்தையும், 1986-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மால்குடி டேஸ்’ தொடரையும் அடுத்தடுத்துப் பார்ப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

‘கைடு’ சாமானியமான படம் அன்று. விஜய் ஆனந்தின் இயக்கமும், எஸ்.டி. பர்மனின் இசையும், வஹீதா ரஹ்மானின் நாட்டியமும் ஒன்றையொன்று விஞ்சி நிற்பவை. அவற்றை நான் இன்றும் ஆனந்தத்தோடு அனுபவிக்கிறேன். ஆயினும் மூல நாவலில் மால்குடி என்ற கற்பனை ஊரின் ரயிலடியில் சில்லறைச் சாமர்த்தியத்தால் காலம் தள்ளிய ராஜுவை உதயப்பூரின் மாளிகைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியதும், அவன் நமக்கு அறிமுகமானவன் என்ற பாத்தியதை அற்றுப்போய்விடுகிறது. நாவலின் முடிவில், உபவாசத்தால் மெலிந்த ராஜு ஆற்று நீரில் நின்றபடி, மலைப்பக்கம் மழை பெய்வதைத் தன் கால்களில் உணர்வதாகச் சொல்லித் தளர்ந்து சாய்கிறான். மழை பெய்ததா, அவன் பிழைத்தானா என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. படத்திலோ மழை கொட்டுகிறது, ராஜு உயிர் துறக்கிறான், ஆத்ம விசாரமும் விஸ்தாரமாக நடக்கிறது. ஆசிரியர் வாய் மூடிய இடத்தில் படம் வாய் திறந்துவிட்டது என்பதே என் குறை. நாராயண் அவர்களும் இந்தப் படத்தால் தமக்கு நேர்ந்த மனஸ்தாபத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துச் சங்கர் நாக் என்ற கன்னட நடிகர், அப்போது முப்பது வயதைச் சற்றே கடந்தவர், அதே ஆசிரியரின் கதைகளைக் கையில் எடுத்தார். சிவமொக்கா ஜில்லாவிலுள்ள ஆகும்பே என்னும் மழைமிகுந்த மலையூரில், ஓட்டுக்கூரை வீடுகளும் திண்ணைகளும் கொண்ட தெருவை அப்படியே மால்குடியாகக் கொண்டு, ஆசிரியரின் தம்பியான ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கோட்டுச் சித்திரங்களை முகப்பாக வைத்து, எல். வைத்தியநாதன் அமைத்த, வார்த்தையே இல்லாமல் முணுமுணுப்பாக எழும் அந்த மெட்டோடு ஒவ்வொரு பகுதியையும் தொடங்கினார். ஒரு கதைக்குப் பெரும்பாலும் அரைமணிக்கும் குறைந்த நேரம்தான். பணமும் காலமும் குறுகியதால் வந்த நிர்ப்பந்தம் என்று இதை நினைப்பவர்கள் இருக்கலாம். என்னைக் கேட்டால், நாராயண் கதைக்கு இயற்கையான அளவே அதுதான்.

சுவாமி திருடனைப் பிடிக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் ஒரு சிறுவனின் தைரியத்தைப் படித்துவிட்டு, “இன்று ராத்திரி நீ தனியாக என் ஆபீஸ் அறையில் படு” என்று மகனுக்கு ஆணையிடும் தகப்பனாராகக் கிரீஷ் கர்னாட். பாட்டியின் அருகே அன்றி வேறெங்கும் உறங்கி அறியாத சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத். அந்தப் பிள்ளை பெஞ்சின் அடியில் புகுந்துகொண்டு, இருட்டில் அசையும் உருவத்தைப் பேயென்றே நம்பி, பயம் தாங்காமல் அதன் காலைக் கட்டிக்கொண்டு பல்லால் கடிக்கிறான், அகப்பட்டவன் திருடன்! ஊரே மெச்சுகிறது. மறுநாள் இரவு வீரன் மறுபடியும் பாட்டியின் பக்கத்தில்! தகப்பனாரின் தோல்வி அதிலேயே பூர்த்தியாகிவிடுவதால், அதற்கு மேல் ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை.

இத்தொடரில் எனக்கு மிகவும் உகந்தது தபால்காரர் தணப்பாவின் கதை. ஒவ்வொரு வீட்டின் சுகதுக்கமும் அறிந்தவர் அவர். ராமானுஜத்தின் மகளுக்கு வரன் அமைய உதவியவரும் அவரே. மே 20-ஆம் தேதி முகூர்த்தம் தவறினால், மாப்பிள்ளை பயிற்சிக்குப் போய்விடுவான், சம்பந்தமே கைநழுவிவிடும் என்ற நிலையில், சேலத்திலுள்ள உறவினர் ஆபத்தான நிலையில் இருப்பதாகக் கடிதமும், அவர் இறந்ததாகத் தந்தியும் வந்து சேர்கின்றன. தணப்பா இரண்டையும் மறைத்து வைத்து, கல்யாணம் முடிந்து நாளான பின், தாமே கொண்டுவந்து நீட்டுகிறார். புகார் செய்தால் வேலை போய்விடும் என்பதையும் தாமே சொல்கிறார். ராமானுஜம் துக்கிக்கிறார், ஆனால் புகார் செய்யப்போவதில்லை என்கிறார். தணப்பா செய்தது உபகாரமா, அபசாரமா? இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்திருந்தால் சேலத்து மரணப்படுக்கையையும் ஒரு நீதிமன்றக் காட்சியையும் சேர்த்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கோ ஒரு வாசற்படி, இரண்டு மனிதர்கள், ஒரு காகிதம், தீர்ப்பு நம்மிடம்.

குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். மண்குதிரைச் சிலையின் நிழலில் ஆடு மேய்க்கும் முனியும் அமெரிக்கரும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமலே வியாபாரம் பேசி முடிக்கும் கதையில், தமிழன்றி வேறறியாத அந்தக் கிழவர் ஹிந்தியில் பேசுவது, அவரைத் தமிழராகவே படித்துப் பழகிய நமக்குச் சற்று அந்நியமாகத்தான் இருக்கிறது. நடிப்பின் நேர்த்தி அதைப் பெருமளவு மறக்கச் செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

சங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தொன்றில் காலமானார். 2006-ல் கவிதா லங்கேஷின் இயக்கத்தில் தொடர் மீண்டும் வந்தது. முதல் தொடர் தந்த நிறைவை அது எனக்குத் தரவில்லை.

அனந்த் நாக் மிட்டாய்க்கடை ஜகனாக நடித்த பகுதிகளைப் பற்றி அடுத்த வாரம் எழுத உத்தேசம். மகன் மாலி அமெரிக்காவிலிருந்து கதை எழுதும் இயந்திரத்தின் யோசனையோடு வந்து இறங்கும் கட்டத்தையாவது, வாசகர்கள் அதற்குள் ஒருமுறை பார்த்துவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.