காரணம் தேடி – 17: அழைத்தது யார்?

சித்தூர், திருப்பதிப் பிரதேசத்தில் இரவு பதினொரு மணிக்கு வீட்டுத் தொலைபேசி ஒலிப்பது அப்படியொன்றும் அபூர்வமான சம்பவம் அன்று. கடப்பை, ராஜம்பேட்டை, ராயச்சோட்டிப் பக்கங்களிலிருந்தும் சித்தூர்ச் சீமையிலிருந்தும் பிழைப்பை நாடிக் குவைத்துக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் வேலை முடிந்து சற்று உட்காரும் எட்டரை மணி நமக்குப் பதினொரு மணி. ஆகவே அகால வேளை என்ற ஒன்றே இவ்வூர்த் தாய்மார்களைக் கலங்க வைப்பதில்லை. குவைத்துக்குரிய 965 என்ற குறியோடு வரவேண்டிய அழைப்பு, நம் நாட்டிலேயே உள்ள ஏதோ ஒரு முன்பின் தெரியாத எண்ணோடு வந்து, எடுத்துக் கேட்டால் மகனுடைய குரலே பேசி, பேச்சு முடிந்தபின் அதே எண்ணுக்குத் திருப்பி அழைத்தால் யாரும் எடுக்காமலோ, சம்பந்தமே இல்லாத எவரோ எடுத்தோ போனால் அப்போதுதான் மனம் திகைக்கிறது. மகன் எங்கே இருக்கிறான்? குவைத்தில்தான் இருக்கிறானா? இருந்தால் இந்த எண் யாருடையது?

இதற்கு விடை மந்திரத்தில் இல்லை. காசுக் கணக்கில் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் இங்கே கொண்டுசேர்ப்பதற்கு, அழைப்பை ஏற்கும் இந்தியத் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிஷக் கணக்கில் ஒரு கட்டணம் உண்டு. 2020 மே மாதம் முதல் அது 35 காசிலிருந்து 65 காசு வரை இருக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. இந்தக் கட்டணத்தை ஏய்க்க நினைப்பவர்கள், மலிவு விலையில் பேச்சை விற்று, அதை இணையத்தின் வழியாக இந்தியாவுக்குக் கடத்தி, ஏதோ ஓர் ஊரில் வாடகை அறையில் வைத்த ‘சிம் பாக்ஸ்’ என்னும் பெட்டிக்குள் இறக்கி, அதில் வரிசையாகச் செருகியிருக்கும் உள்நாட்டுச் சிம் அட்டைகளில் ஒன்றின் வழியே உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்புகிறார்கள். மகன் பேசுவது குவைத்திலிருந்துதான். தாய் காணும் எண் அந்தப் பெட்டியினுடையது. சட்டவிரோதமான காரியம் இது. ஆனால் சிக்கனமாகப் பேச நினைத்த அந்தப் பிள்ளைக்கோ தன் குரல் எந்த வழியாக ஊர் வந்து சேர்கிறது என்பது தெரியவே தெரியாது.

திருப்பதிக்கென்றே உரிய இன்னொரு வகையும் உண்டு. திருமலைக் கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக அனுமதி இல்லாததால், யாத்திரிகர்கள் அதை வெளியே ஒப்படைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். தரிசனம் முடிந்து வெளியே வரும் ஜனத்திரளில் பாட்டி ஒரு பக்கமும் பேரன் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டால், அந்த மூதாட்டிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் ஊரில் இருக்கும் மகளுடைய எண்ணாக இருக்கும். அதை அவர் பக்கத்தில் நிற்கும் முகமறியாத ஒருவரிடம் சொல்லி அழைக்கச் சொல்வார். மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் மகளின் திரையில் தோன்றுவது ஒரு மராட்டியக்காரருடைய எண். அவர் பேசும் பாஷையும் இவளுக்குப் புரியாது. பயந்து துண்டித்துவிட்டால், துண்டிக்கப்பட்டது தாயின் குரல்.

இதனால்தான், தெரியாத எண் வந்தால் எடுக்காதீர்கள் என்று பத்திரிகைகளும் உபதேசகர்களும் சொல்லும் ஒற்றை வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அறியாத எண் பலருக்கு உபத்திரவமாக இருக்கலாம்; இந்தப் பிரதேசத்து ஏழைக் குடும்பங்களுக்கு அது பெற்ற பிள்ளை வரும் வழியாகவும் இருக்கிறது.

எடுத்தால் எதிர்ப்புறத்தில் யாருமே பேசாத அழைப்புகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரும்பாலும் அது தொலைபேசி வழியாக விற்பனை செய்யும் நிலையங்களில் உள்ள இயந்திரத்தின் வேலை. பேசுவதற்கு உட்கார்ந்திருப்பவர்கள் பத்துப்பேர் என்றால், பாதிப்பேர் எடுக்கமாட்டார்கள் என்று கணக்கிட்டு, இயந்திரம் அதைவிட அதிகமான எண்களை ஒரே சமயத்தில் சுழற்றுகிறது. எதிர்பார்த்ததற்கு மேல் பலர் எடுத்துவிட்டால், மிஞ்சியவர்களுக்குக் கிடைப்பது மௌனம்தான். அந்த மௌனத்தில் மூச்சுச் சத்தம் கேட்டதாகச் சொல்வோர் உண்டு. அது அநேகமாகத் தம்முடைய மூச்சாகவே இருக்கும்.

பழைய கம்பித் தொலைபேசி நாட்களில் இதனினும் விசித்திரமான ஒன்று நடந்ததுண்டு. அக்காலக் கருவியில் வட்டத்தைச் சுழற்றும்போது, கம்பியில் ஓடும் மின்சாரம் எத்தனை தடவை விட்டு விட்டுத் தடைப்படுகிறதோ அதுவே எண்ணாகக் கொள்ளப்பட்டது. ஒன்று என்றால் ஒரு தடை, இரண்டு என்றால் இரண்டு. காற்றில் ஆடும் இரு கம்பிகள் ஒன்றையொன்று உராய்ந்து விலகினால், எக்ஸ்சேஞ்சுக்கு அது ஒருவர் எண் சுழற்றுவதாகவே தோன்றும். 1937இல் லண்டனில் அவசர உதவி எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள் 111ஐ விலக்கி 999ஐ எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆளில்லாத வீட்டிலிருந்து அழைப்பு வந்தது என்றால், அழைத்தது காற்று.

ஆனால் நாம் இன்று உண்மையிலேயே அஞ்சவேண்டிய அழைப்பு வேறு. திரையில் தோன்றும் எண்ணை ஒரு சாட்சியமாக நாம் நம்புகிறோம். அதுவோ தபால் உறையின் மூலையில் அனுப்புகிறவரே எழுதும் விலாசத்தைப் போன்றது. எண்ணை எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்சு தெரிவிக்கும் முறை வகுக்கப்பட்ட காலத்தில், எக்ஸ்சேஞ்சுகளெல்லாம் அரசாங்கங்களின் கையிலோ சில பெரிய கம்பெனிகளின் கையிலோ இருந்தன. ஒன்று சொன்னதை மற்றொன்று ஐயமின்றி ஏற்றது. இன்று அந்த நம்பிக்கையின் இடுக்கில் வஞ்சகர்கள் புகுந்துவிட்டார்கள். அயல்நாட்டிலிருந்து கொண்டே இந்திய எண்ணைக் காட்டி அழைப்பவர்களைத் தடுக்க, 2024 அக்டோபர் 22ஆம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கிற்று; முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலியென்று கண்டு தடுக்கப்பட்டன. அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு உண்டான கலக்கம் இன்னும் தீரவில்லை.

இந்த வஞ்சகர்கள் போலீஸ் அதிகாரியாகவும் சி.பி.ஐ.யாகவும் பேசி, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, நீங்கள் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று மிரட்டுகிறார்கள். அப்படியொரு கைது இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே இதை எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழ்ந்து, ஹிந்தியை அரைகுறையாக மட்டும் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, அந்த அதிகார பாஷையில் புரியாத பகுதியே புரிந்த பகுதியைவிட அதிகப் பயத்தை உண்டாக்கும் என்பதை வஞ்சகன் நன்கு அறிவான். கதவை மூடு, மனைவியிடமும் சொல்லாதே என்று அவன் கட்டளையிடுவதன் ரகசியமும் இதுதான். இரண்டாவது மனிதர் ஒருவர் காதில் விழுந்தால் அந்தப் பொய் நிற்காது.

எண்ணைக் கண்டே அஞ்சியவர்களும் உண்டு. 2004இல் நைஜீரியாவிலும் 2007இல் பாகிஸ்தானத்திலும், குறிப்பிட்ட சில எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் மரணம் சம்பவிக்கும் என்ற வதந்தி பரவிப் பலரைக் கலங்கடித்தது. தொலைபேசி நிறுவனங்கள் மறுப்புத் தெரிவிக்கவேண்டியதாயிற்று. எண் யாரையும் கொல்லாது. எண்ணுக்குப் பின்னால் இருப்பவனுக்கு நாம் கீழ்ப்படிவதே அபாயம்.

ஆதலால் எடுங்கள், பேசுங்கள். ஆனால் அந்த அழைப்பிலேயே பணம் அனுப்புவதும், ரகசிய எண்ணைச் சொல்வதும் கூடாது. வைத்துவிட்டு, உங்களிடம் முன்பே குறித்துவைத்திருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழைத்து விசாரியுங்கள். பணம் போய்விட்டால், பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு நாள்கூட மறைக்காமல் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கிகள் அதை நிறுத்திவைக்க இயலும். ஏமாந்தவர்களுக்கு இதில் வெட்கம் எதுவும் இல்லை.

குவைத்து மகனின் எண் பொய்யாக இருந்தும் குரல் மெய்யாக இருந்ததை மேலே கண்டோம். குரலையே போலியாகச் செய்யும் இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. ஒருவர் பேசிய சிறு பதிவு கிடைத்தாலே அவை அவரைப்போலப் பேசும் முறை எது, அதைக் கண்டுகொள்ளக் குடும்பங்கள் என்ன செய்யலாம் என்பவற்றை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)