துருக்கியும் நம் இருப்புப்பாதையும்

துருக்கி தேசத்தின் சரித்திரத்தை நம் கோபாலபுரத்துப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் உளர். கேள்வி நியாயமானதே. சுல்தான்களின் பெயர்களை உருப்போட வைப்பதால் பயனில்லை என்பதே எமது கருத்தும். பாடத்தை நம் பக்கத்து இருப்புப்பாதையிலிருந்து தொடங்கலாம்.

முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. 1920-ல் செவ்ர் உடன்படிக்கை அந்நாட்டைத் துண்டாட முற்பட்டது. சுல்தானே கலீபாவாகவும் விளங்கியமையால் இந்தியாவில் கிலாபத் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காந்தியடிகளும் சௌகத் அலியும் கோழிக்கோட்டுக்கு வந்து பேசினர். மறு ஆண்டு மலபாரில் கலகம் மூண்டது. குத்தகைக் குடியானவர்களின் நெடுநாளைய குறைகளும் அதில் கலந்திருந்தன. 1921 நவம்பரில் திரூரில் ஏறத்தாழ 100 கைதிகளைக் காற்றோட்டமற்ற ஒரு சாமான் வண்டியில் அடைத்து, பாலக்காட்டு வழியே அனுப்பினர். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பாதிக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர். இறந்தோர் தொகை பின்னர் 70 வரை ஆயிற்று. ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் எம் போன்றோர் இதனை எளிதில் மறந்துவிடக் கூடுமோ?

அந்தக் கலீபா பதவியையோ, 1924 மார்ச்சில் துருக்கியரே ஒழித்துவிட்டனர்! குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் 1928-ல் எழுத்தையும் மாற்றினார். அரபு எழுத்துப் போய் லத்தீன் எழுத்து வந்தது. எழுத்தறிவு பரவிற்று, மெய்தான். ஆனால் பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாமற் போயிற்று. பள்ளியில் தமிழை விடுத்து மலையாளம் மட்டும் கற்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. பெட்டியிலுள்ள பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைக் கையிற் கொடுத்து, படிக்கச் சொன்னால் போதும்.