கார் சர்வீசுக்குக் கம்பெனியா? தெரு மெக்கானிக்கா? கையெழுத்துப் போடும் முன்னே கணக்குப் பாருங்க!

சென்னை–

மாதச் சம்பளக்காரர் ஒருவர் தவணையில் கார் வாங்குகிறார். தவணைக்குப் பயப்படவில்லை. பெட்ரோல் விலைக்கும் பயப்படவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீசுக்கு விடும்போதுதான் நெஞ்சு "திக் திக்" என்று அடிக்கிறது. காலையில் சாவியைக் கொடுத்தால் சாயங்காலம் எத்தனை ஆயிரத்துக்குப் பில் வருமோ!

"கம்பெனியில விட்டா மொட்டை அடிச்சுடுவான்" என்று ஒரு கட்சி. "வெளியே விட்டா வாரண்டி அம்பேல்" என்று இன்னொரு கட்சி. ஆபீஸ் கேண்டீனிலும் டீக்கடையிலும் இந்த வாக்குவாதம் ஓய்வதே இல்லை.

இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான் நம்ம பணம் கரைகிறது.

அட்டவணை வேறு, பட்டியல் வேறு

காரின் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் ஒரு புத்தகம் இருக்கும். வண்டியோடு கம்பெனி கொடுத்தது. பல பேர் வண்டியில் அது பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கிறது.

அந்தப் புத்தகத்தில் ஒரு அட்டவணை உண்டு. எத்தனை கிலோ மீட்டரில், அல்லது எத்தனை மாதத்தில், எந்த வேலை செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. வண்டியைத் தயாரித்த என்ஜினீயர்கள் போட்ட அட்டவணை அது.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் கையில் இருப்பது இன்னொரு தாள். அது டீலர் போட்ட பட்டியல். இரண்டையும் ஒன்று என்று நினைப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

"சார், இன்ஜினை டீகார்பனைஸ் பண்ணிடலாமா?" 

"த்ராட்டில் பாடி கிளீனிங் போட்டுக்கலாம் சார்." 

"ஏ.சி.யில கிருமி இருக்கும் சார், குழந்தைங்க வர்ற வண்டி..."

"அடியில துருப் பிடிக்காம கோட்டிங் அடிச்சுடலாம் சார்."

"டெஃப்லான் பாலிஷ் போட்டா வண்டி புதுசு மாதிரி ஆயிடும் சார்."

எல்லாமே அக்கறையோடு சொல்வது போலத்தான் இருக்கும். ஆசாமி தலையை ஆட்டிவிட்டு ஆபீசுக்குப் பஸ் பிடிக்க ஓடுவார். ஆட்டிய ஒவ்வொரு தலைக்கும் பில்லில் ஒரு வரி விழும்.

இந்த ஐந்தும் பெரும்பாலான வண்டிகளின் அட்டவணையில் கிடையாது. த்ராட்டில் பாடியில் அழுக்குச் சேர்ந்து வண்டி ஐட்லிங்கில் நடுங்கினால் கிளீனிங் தேவைதான். கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் துருத் தடுப்புக் கோட்டிங்குக்கும் நியாயம் உண்டு. நோயே இல்லாதவருக்கு வருஷா வருஷம் மருந்து எதற்கு?

ஏன் இப்படி?

புதுக் கார் விற்பதில் டீலருக்கு லாப விகிதம் குறைவு. தள்ளுபடி கொடுத்தே ஆளை இழுக்க வேண்டிய நிலை. சர்வீசிலும் ஸ்பேர் பார்ட்சிலும்தான் வரும்படி. பல இடங்களில் அட்வைசருக்கும் மாதா மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு உண்டு. அவரும் மாதச் சம்பளக்காரர்தான். அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

கணக்கைப் பாருங்க

உதாரணத்துக்கு ஒரு சின்னப் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் சொன்ன வேலை – ஆயில், ஆயில் ஃபில்டர், செக்கிங், கூலி – வரிக்கு முன்னால் 5,000 ரூபாய் என்று வைப்போம். மேற்படி எக்ஸ்ட்ரா அயிட்டங்கள் 4,500 ரூபாய்.

மொத்தம் 9,500. இதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 1,710 ரூபாய். ஆகக் கூடி 11,210 ரூபாய். (2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதம்தான். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது.)

புத்தக வேலையோடு நிறுத்தியிருந்தால் வரியோடு 5,900 ரூபாய். வித்தியாசம் 5,310 ரூபாய். வருஷத்துக்கு ஒரு தடவை என்று 8 வருஷம் இப்படிக் கொடுத்தால் 42,480 ரூபாய்! வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டலாம்.

இலவசம் என்றால் என்ன?

புது வண்டிக்கு முதல் சில சர்வீஸ் இலவசம் என்கிறார்கள். பல கம்பெனிகளில் 1,000, 5,000, 10,000 கிலோ மீட்டர் என்று வரும். இதில் இலவசம் என்பது கூலி மட்டும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு வாங்குவார்கள். அது முறையானதுதான். ஆனால் "ஃப்ரீ சர்வீசுக்குப் போனேன், ஆறாயிரம் கட்டினேன்" என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ட்ரா பட்டியல் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்காக இலவச சர்வீசைத் தவறவிடக் கூடாது. அந்தப் பதிவுதான் பின்னால் வாரண்டிக்குச் சாட்சி.

2,544 கோடி அபராதம்!

வாரண்டி விஷயத்துக்கு வருவோம். வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்பது சரியா?

இதே கேள்வி டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையம் வரை போனது. அசல் ஸ்பேர் பார்ட்சையும், பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் தடுக்கின்றன என்பது புகார். 2014 ஆகஸ்ட் 25–ந் தேதி ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம். தொகை 2,544 கோடி ரூபாய்க்கு மேல்!

அந்த உத்தரவில் காரோட்டிகளுக்கு முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது; வெளியே செய்த வேலை சரியில்லாததால் ஏற்பட்ட சேதம் எதுவோ, அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின.

காகிதத்தில் இப்படி. கவுண்டரில் வேறு மாதிரி. வாரண்டிப் புத்தகங்களில் "அங்கீகாரம் பெற்ற ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கிறது. கியர் பாக்ஸ் போய் லட்சக் கணக்கில் செலவு நிற்கும்போது, போட்டி ஆணையத்தின் உத்தரவைக் காட்டி வாதாட நம்மால் ஆகுமா? ஆகும், ஆனால் வண்டி அதுவரை ஷெட்டில் நிற்கும்.

ஆகவே வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ்தான் புத்திசாலித்தனம். மாருதி நிறுவனம் 2024 ஜூலையில் சாதாரண வாரண்டியையே 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர் என்று உயர்த்தியது. அதற்கு முன் 2 வருஷம் அல்லது 40,000 கிலோ மீட்டர். இந்தக் காலத்தில் அட்டவணைப்படி சர்வீஸ் செய்து, பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். எக்ஸ்ட்ரா அயிட்டம் வேண்டாம் என்று சொன்னதற்காக யாரும் வாரண்டியைப் பறிக்க முடியாது.

வாரண்டி முடிந்த பிறகு

இங்கேதான் தெரு மெக்கானிக்கின் ராஜ்யம். பேட்டைக்குப் பேட்டை நல்ல ஷெட்டுகள் இருக்கின்றன. கூலி குறைவு. வண்டியைத் திறந்து கண் முன்னாலேயே வேலை செய்வார்கள். "அண்ணே, இது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டால், "இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம் சார், இப்ப மாத்த வேணாம்" என்று சொல்லும் நேர்மையான ஆள் கிடைத்துவிட்டால், அவர் குடும்ப டாக்டர் மாதிரி.

ஆயில் மாற்றுவது, ஃபில்டர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் – இவற்றுக்கெல்லாம் கைதேர்ந்த மெக்கானிக் போதும்.

மூன்று விஷயத்தில் மட்டும் உஷார்.

ஒன்று, ஆயில். புத்தகத்தில் 0டபிள்யூ–20 என்றோ 5டபிள்யூ–30 என்றோ கிரேடு போட்டிருக்கும். அதே கிரேடுதான் ஊற்ற வேண்டும். டிரம்மில் இருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டவே வேண்டாம். சின்னக் காருக்குச் சுமார் 3 லிட்டர்தான் பிடிக்கும். சீல் உடையாத கேனை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு, ஸ்பேர். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அசலும் கிடைக்கும், அசல் மாதிரியும் கிடைக்கும்! பெட்டியில் எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், பார்ட் நம்பர், ஹாலோகிராம் பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் சரி. பிரேக், ஸ்டீயரிங் சாமானைப் பழசில் வாங்குவது உயிரோடு விளையாட்டு.

மூன்று, எலக்ட்ரானிக்ஸ். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்பனை. இவற்றில் சென்சார் அதிகம். ஸ்கேனர் இல்லாமல் காதால் கேட்டே கோளாறு சொல்லும் காலம் இல்லை. ஏர் பேக், ஏ.பி.எஸ்., கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் வேலை என்றால் கம்பெனிக்கே போய்விடுங்கள். கம்பெனி 'ரீகால்' அறிவித்தால் அந்த வேலை அங்கே இலவசம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

எக்ஸ்ட்ராவை வேண்டாம் என்று சொல்லப் போய், சர்வீசையே தள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கும். பல வண்டிகளில் 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். பிரேக் பிடிக்கிறதே என்று அப்படியே விட்டால், ஊருக்குள் ஒன்றும் தெரியாது. ஏற்காடு மலை இறங்கும்போது பிரேக் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகும். பெடலை மிதித்தால் அது அப்படியே கீழே போகும். வண்டி நிற்காது. பின் சீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள்!

ஆயில் மாற்றாமல் ஓட்டினால் கசடு சேர்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி நொறுங்கும். சில ஆயிரம் மிச்சம் பிடித்து லட்ச ரூபாய்க்குக் குழி தோண்டின கதைதான்.

"நான் பத்து கிலோ மீட்டர்தான் ஓட்டறேன், வருஷத்துக்கு நாலாயிரம் கூட ஆகலை" என்று சிலர் சொல்வது உண்டு. அதனால்தான் மாதக் கணக்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். குறைந்த தூரம், நெரிசல், தூசி – புத்தகத்தில் இதற்குக் 'கடினமான உபயோகம்' என்று பெயர். கிண்டி சிக்னலில் அரை மணி நேரம் ஐட்லிங்கில் நிற்கும் வண்டிக்கு, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியை விட ஆயில் சீக்கிரம் கெடும்.

ஜாப் கார்டில்தான் சூட்சுமம்

கம்பெனி சர்வீசுக்குப் போகும்போது செய்ய வேண்டியது:

புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். "இந்தப் பக்கத்தில் இருக்கிற வேலை மட்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஜாப் கார்டை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உத்தேசத் தொகையை எழுதி வாங்குங்கள். "என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது" என்று ஒரு வரி நீங்களே எழுதுங்கள்.

மத்தியானம் போன் வரும். "சார், பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு." உடனே "சரி" சொல்ல வேண்டாம். இன்னும் எத்தனை மில்லி மீட்டர் இருக்கிறது என்று கேளுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். வண்டி எடுக்கும்போது டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள். (டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும்.)

ஏ.சி. ஃபில்டர் பல வண்டிகளில் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. திருப்புளி கூட வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை. அதற்குக் கூலி கொடுக்காதீர்கள்.

ஏமாந்தால் எங்கே போவது?

சொல்லாத வேலைக்குப் பில் போட்டால் முதலில் மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டும் பில்லும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

முடிவு என்ன?

வாரண்டி உள்ள வரை கம்பெனி; புத்தகத்தில் உள்ள வேலை மட்டும். வாரண்டி முடிந்த பிறகு சாதாரண வேலைக்கு நம்பிக்கையான மெக்கானிக், சரியான ஆயில், பில் போட்ட அசல் சாமான். சீக்கிரமே வண்டியை விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீசையே தொடரலாம். பதிவு முழுசாக இருந்தால் விலை கூடக் கிடைக்கும்.

எங்கே விட்டாலும் சரி, தேதி தப்பக் கூடாது. இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டாஷ்போர்டைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுங்க. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்க!