முந்துவது கணினியா, கன்சோலா?

மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் அக்கா வீட்டில் அண்மையில் ஒரு விவாதம். பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கும் அவர் மகன், படிக்கவும் விளையாடவும் ஒன்றரை லட்சம் ரூபாயில் கணினி கேட்கிறான். நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துவிடலாமா என்று அக்கா யோசிக்கிறார். விளையாட்டுக்குத்தான் என்றால், அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் கன்சோல் போதாதா என்று நான் கேட்டேன். "மாமா, கிராபிக்ஸில் எப்போதுமே பி.சி.தான் முன்னால்" என்றான். பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும்கூடப் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. அவன் சொல்வது சரியா?

உச்சத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் 'ரே டிரேசிங்' நுட்பத்துக்கான கிராபிக்ஸ் கார்டுகளை என்விடியா 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கன்சோல்களுக்கு அது 2020-இல்தான் வந்தது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு படத்தைக் கூர்மையாக்கும் முறையும் அதே தலைமுறைக் கார்டுகளோடு கணினிக்கு வந்துவிட்டது. பிளேஸ்டேஷனில் அத்தகைய முறை 2024-இல் புரோ மாதிரியோடுதான் அறிமுகமானது.

ஆனால் 'எப்போதுமே' என்ற சொல் பொருந்தாது. பிளேஸ்டேஷனின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தலைமுறைகள் முறையே 2006, 2013, 2020 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஏழாண்டுக்கு ஒருமுறை கன்சோல் ஒரு பாய்ச்சல் பாய்கிறது. பிறகு பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. கணினியோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்கிறது. பாயும் தருணத்தில் சில கூறுகளில் கன்சோல் முந்தியதும் உண்டு. 2020-இல் ஐந்தாம் பிளேஸ்டேஷனில் இருந்த நொடிக்கு 5.5 ஜிகாபைட் வேகச் சேமிப்பகம், அன்றைய பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்சோல் என்பது ஒரே இயந்திரம். அதன் ஒவ்வொரு பாகத்தையும் அறிந்து, அதற்கென்றே விளையாட்டைச் செதுக்குகிறார்கள். கணினியிலோ ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு செயலி. எனவே ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் நிரல்களை அந்தந்தக் கணினியே தனக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த கணினியிலும் புதிய விளையாட்டு சில நேரம் திக்கித் திணறுவதற்கு இது ஒரு காரணம். கன்சோலுக்கு அந்த வேலையை முன்கூட்டியே முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

விலைக்கு வருவோம். ஐந்தாம் பிளேஸ்டேஷன் 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 என்ற கார்டுக்கு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தொடக்க விலை 2,14,000 ரூபாய். இது கார்டுக்கு மட்டும். 'பி.சி. முன்னால்' என்று சொல்லும்போது நாம் மனத்தில் வைத்திருப்பது இந்தக் கார்டை. வீட்டுக்கு வாங்கிவருவது வேறொன்றை. எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நாங்கள் போனோம். ஒரு கடையில் தந்த மதிப்பீட்டில், பெயர் பெற்ற கார்டு ஒன்று இருந்தது. அதற்கு மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையோ பெயரே தெரியாத மலிவுச் சரக்கு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் பகுதியில், அத்தகைய சேர்க்கையில் முதலில் பழுதாவது அதுதான். போகும்போது கார்டையும் கொண்டுபோகலாம்.

மின்கட்டணமும் உண்டு. ஆற்றல்மிக்க கணினி ஒன்று விளையாடும்போது 600 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். ஏறத்தாழ 200 வாட் எடுக்கும் கன்சோலுக்கு 48 யூனிட். இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் நம் மாநிலத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல. மேலும், கணினி எடுக்கும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறுகிறது. மே மாதத் தாம்பரத்தில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் அதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே கன்சோலே போதும் என்று முடித்துவிடலாமா? விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால், போதும். கொடுக்கும் ரூபாய்க்குக் கிடைக்கும் காட்சித் தரத்தில் அதை நடுத்தர விலைக் கணினி எளிதில் வெல்லாது. ஆனால் கன்சோல் மூடிய பெட்டி. அதில் நிரல் எழுதிப் பழக முடியாது. கார்டை மாற்ற முடியாது. கணினியில் பிளெண்டர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு மாணவன் தானே காட்சிகளை உருவாக்கலாம். கணினியின் உண்மையான மேன்மை இந்தத் திறந்த தன்மையில் இருக்கிறது. அதற்கு இரண்டு லட்சம் ரூபாய்க் கார்டு தேவையில்லை.

அக்கா சீட்டுப் பணத்தைத் தொடவில்லை. தரமான பவர் சப்ளையும் செயலிக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதியும் கொண்ட கணினியை, அவன் கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகையில் வாங்கினோம். கார்டு செருகும் இடம் காலியாக இருக்கிறது. அதைத் தன் முதல் சம்பளத்தில் நிரப்பிக்கொள்வதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.